நாற்கோட்டு எலி: நிஜ அளவில், நிஜ எடையில்

நாற்கோட்டு எலியின் உருவங்களைக் கையால் செய்துகொண்டிருக்கிறேன். குட்டிகள் ஐந்தும் செய்து முடிந்துவிட்டன. கோடைக்கால எலியும் காய்ந்து தயாராக இருக்கிறது. பெரிய ஆண் எலிக்கு இன்னும் வால் வைக்கவில்லை.

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கிறது. அங்கே வரும் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கத்தான் இவற்றைச் செய்கிறேன். சுவரில் மாட்டும் படங்களில் யானையும் எலியும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. ஒரு உயிரின் அளவு கண்ணால் பார்த்து மட்டும் பிடிபடாது, உள்ளங்கையில் அதன் கனம் இறங்க வேண்டும் என்பது என் கட்சி.

எடுத்துக்கொண்டது நாற்கோட்டு எலி, ரேப்டோமிஸ் பியூமிலியோ. 1784ல் ஸ்பார்மன் என்ற ஸ்வீடன்காரர் அறிவியல் பெயர் வைத்த உயிர். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கில், ஸ்பிரிங்பொக் ஊருக்குப் பக்கத்தில் கூகாப் காப்பகத்தில், நமக்வாலாந்து என்ற அந்த வறண்ட வட்டாரம் பூத்துக் குலுங்கும் பருவத்தில் இதை நேரில் பார்த்தேன். வருஷத்துக்கு 160 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் அங்கே மழை. டர்பனில் 1000 மில்லிமீட்டர் போலக் கொட்டுகிறது. பாலைநில எலிகளில் பல இருட்டில்தான் வெளியே வரும். இது பகலில் நடமாடுகிறது. காலை வெயில் ஏறும்போது புதரிலிருந்து வெளியே வந்து, உடம்பை உப்பிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து வெயில் காய்கிறது. உடம்பைச் சூடாக்க வேண்டிய செலவில் ஒரு பங்கை வெயில் ஏற்றுக்கொள்வதால் அந்த அளவுக்கு இரை மிச்சம். அந்த உட்காரும் கோலத்தைத்தான் செய்ய வேண்டும் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

முதல் கேள்வி எடை. முதிர்ந்த எலி 40 கிராமுக்கு முன்பின் இருக்கும். ஐந்து ராண்ட் நாணயம் ஒன்று 9.5 கிராம், நான்கை அடுக்கிக் கையில் வைத்தால் 38. வகுப்பில் முதலில் நாணயங்களைக் கொடுத்துவிட்டு அப்புறம் எலியைக் கொடுக்கப் போகிறேன்.

களிமண்ணில் செய்தால் அளவு சரியாக வரும்போது எடை எகிறிவிடும், களிமண் தசையைவிடக் கனம். அதனால் உடம்புக்குக் காகிதக் கூழ். பழைய செய்தித்தாளைக் கிழித்து ஊறவைத்து, அரைத்து, ஒட்டப் பிழிந்து, மைதாப் பசையோடு பிசைந்தேன். டர்பன் ஈரக்காற்றில் பூசணம் பிடிக்காமல் இருக்க இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய். காய்ந்ததும் கூழ் இலேசாகிவிடும், குறைகிற எடைக்கு ஈடாக உள்ளே கனம் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாமா கடற்கரையில் தூண்டில் போடுகிறவர், அவரிடம் ஈயக் குண்டு கேட்டேன். "எந்த மீனுக்கு, தம்பி?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் டப்பாவையே கொண்டுவந்து திறந்து, பொடிசாகப் பொறுக்கிக் கொடுத்தார். ஈயத்தைக் கூழுக்குள் நன்றாகப் பொதித்து மூடிவிட வேண்டும், பிள்ளைகள் விரல் அதில் படக்கூடாது.

ஈயம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில் நிறைய இருக்கிறது. நடு உடம்பில் வைத்தால் கையில் பொம்மையாகத்தான் கிடக்கிறது. பின்தொடைகளுக்கு நடுவே, கொஞ்சம் கீழே தள்ளி வைத்ததும் எலி உள்ளங்கையில் தானாக உட்கார்ந்துகொண்டது. முன்பாதம் இலேசாகத் தூக்கி நிற்கிறது. வெயில் காயும் எலியின் இருப்பு அப்படியே வந்துவிட்டது.

குட்டிகளுக்குத் தேன்மெழுகு. மெழுகின் கனமும் தசையின் கனமும் ஏறக்குறைய ஒன்று என்பதால் அளவைச் சரியாகப் பிடித்தால் எடை தானாகச் சரியாகிவிடும். பிறந்த குட்டி இரண்டரையிலிருந்து மூன்று கிராம். சமையலறைத் தராசு அவ்வளவு சின்ன எடையை நம்பும்படி காட்டாது, ஐந்தையும் சேர்த்து வைத்தேன்: 13 கிராம். ஒரு குட்டி என் சுண்டுவிரலின் நுனிக்கணு அளவுதான். ரோமம் கிடையாது, கண் மூடி இருக்கும். இரண்டு வாரத்துக்குள் கண் திறந்து, கூட்டை விட்டு எட்டிப் பார்த்து, பச்சையைக் கொறிக்க ஆரம்பிக்கும். பதினாறு நாள் வாக்கில் பால்குடி மறந்துவிடும். தாய் சுமப்பது 23 நாள் போல. அதாவது கருவாகிப் பால் மறப்பது வரை எல்லாமே நாற்பது நாளுக்குள். இங்கே தந்தையையும் சொல்ல வேண்டும்: ஆண் எலியும் கூட்டுக்குள் வந்து குட்டிகளை அணைத்துச் சூடு கொடுக்கிறது, நக்கிச் சுத்தம் செய்கிறது. எலி இனங்களில் இது அபூர்வம்.

கோடுகளுக்கு வருகிறேன். பிள்ளைகள் பார்த்ததும் அணில் என்றுதான் சொல்லப் போகிறார்கள். அணிலுக்கு முதுகில் மூன்று வெளிர்கோடு. இதற்கு நான்கு கருங்கோடு, நடுவில் வெளிர்ப்பட்டைகள். வெளிர்ப்பட்டைத் தோலில் ஆல்எக்ஸ்3 என்ற மரபணு கூடுதலாக வேலை செய்து நிறமிச் செல்களை முதிரவிடாமல் தடுக்கிறது என்று 2016ல் கண்டறிந்தார்கள். அதைப் படித்த பிறகு வண்ணம் பூசும் முறையை அதற்கேற்ப அமைத்துக்கொண்டேன். வெளிர்நிறத்தை மேலே ஏற்றுவதில்லை. முழுக்க மங்கலான மணல் பழுப்பைப் பூசிவிட்டு, கருங்கோட்டை மட்டும் காய்ந்த பிரஷால் மயிர் மயிராக இழுக்கிறேன். ஓரம் கூர்மையாக வராமல் ரோமத்தில் கலந்தபடி வருகிறது.

இனி பெரியவை. இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். "இந்த எலியின் அளவு இவ்வளவு" என்று ஒரே எண்ணைச் சொல்லி முடிக்க முடியாது. கூகாப்பில் கார்ஸ்டன் ஷ்ராடினும், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் நெவில் பிள்ளையும் பல வருஷம் சேர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். (ஆய்வுக் கட்டுரையில் பிள்ளை என்ற பெயரைப் பார்த்ததும் மனசு நிறைந்தது, வகுப்பில் கட்டாயம் சொல்வேன்.) அவர்கள் சொல்வதன்படி, அங்கே வசந்தத்தில் பிறக்கும் எலிகள் வளர்ந்த பிறகும் பெரும்பாலும் வீட்டை விட்டுப் போவதில்லை. முப்பது வரைகூட ஒரே கூட்டமாக இருக்கும். இரை காய்ந்துபோகும் கோடையில் உடம்பு இளைக்கும். குளிர்கால மழைக்குப் பிறகு பச்சை தலைகாட்டும்போது மறுபடி ஏறும், அப்போதுதான் இனப்பெருக்கம். பெரும்பாலானவற்றுக்கு அந்த ஒரு பருவம்தான் வாய்க்கிறது. வருஷம் ஒன்று, ஒன்றரைக்குள் ஆயுள் முடிந்துவிடும்.

ஆண்களிலும் படிகள் உண்டு. பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிட்ட ஆண் சிறியது. தனியாகச் சுற்றித் திரிவது அதைவிடப் பெரியது. ஒரு கூட்டத்துப் பெண்களோடு சேர்ந்து நிலைத்துவிட்ட ஆண் எல்லாவற்றிலும் கனம், 50 கிராமைத் தாண்டும். நம் பக்கத்துப் புல்வெளியில் இருக்கும் இதன் உறவுக்காரன் ரேப்டோமிஸ் டைலெக்டஸ் இப்படிக் கூட்டமாக இருப்பதில்லை, தனித்தனியாகத்தான் வாழும். புல் அடர்ந்த ஊரில் ஒண்டி வாழ்க்கை, வறண்ட ஊரில் கூட்டுக்குடும்பம்.

அதனால் ஒவ்வொரு உருவத்தின் அடியிலும் எடையோடு பருவத்தையும் எழுதுகிறேன். கோடை எலிக்கு விலாவை ஒட்டிக் கூழைச் சுரண்டி எடுத்தேன், உள்ளே ஒரு ஈயக் குண்டும் குறைவு. பெரிய ஆணுக்குக் கழுத்தும் தோளும் தடித்திருக்கின்றன. வால் உடம்பின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட வரும். மெல்லிய கம்பியில் நூல் சுற்றிப் பசை தடவி, மேல்பக்கம் கருமை, கீழ்பக்கம் வெளிர். வாரக் கடைசியில் அதைப் பொருத்திவிடுவேன்.

அடுத்தது நிறைமாதப் பெண் எலி. குட்டிகளின் 13 கிராமை அப்படியே தாயின் 40 கிராமோடு கூட்டிக்கொள்ளலாம், 53 வரும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை வயிற்றில் சுமந்துகொண்டுதான் அது இரை தேடுகிறது. கூழை முன்னதாகவே இரண்டு பாதியாகச் செய்து, ஈயத்தை அடிவயிற்றில் பரப்பி வைத்து ஒட்டப் போகிறேன். அதற்கு இன்னும் பொடிசான குண்டுகள் வேண்டும், மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.