பத்தொன்பது விநாடிக் குரலும் ஆறு வருடப் பிஎச்டியும்

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எனக்கு. அப்பா வல்லம் என்ற படகில் கடலுக்குப் போனவர். அம்மா பாசி எடுக்கத் தண்ணீருக்குள் இறங்கியவர். நான் ஆங்கில இலக்கியத்தில் எம்ஏ முடித்து, மீனவர்களின் வாட்ஸ்அப் குரல் பதிவுகளை வைத்து ஆங்கிலத் துறையிலேயே பிஎச்டி வாங்கினேன். இப்போது ஒரு தனியார் கல்லூரியில் இலக்கியத்தோடு டிஜிட்டல் ஊடகத் தாளும் நடத்துகிறேன். வருடா வருடம் இரண்டு மூன்று பிள்ளைகளாவது வந்து கேட்கிறார்கள்: “இங்கிலீஷ் படிச்சிட்டு இந்த மாதிரி தலைப்பெல்லாம் எடுக்கலாமா மேம்? வேலை கிடைக்குமா?” எடுக்கலாம். எங்கெங்கே இடறும் என்று முன்பே தெரிந்தால் இரண்டு வருடம் மிச்சமாகும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நெட், அதாவது உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு. நான் 2017-இல் எழுதியபோது மூன்று தாள்கள் இருந்தன. 2018 ஜூலையில் அதை இரண்டாக்கினார்கள்: முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாவதில் 100, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். அந்த டிசம்பரில் தேர்வு தேசியத் தேர்வு முகமையான என்டிஏ கைக்குப் போய், கம்ப்யூட்டரில் எழுத வேண்டியதாயிற்று. அப்போதுதான், மூன்றாவது முயற்சியில், மதுரையில் எழுதித் தேறினேன். முதல் இரண்டு முறை கவிதை, நாடகம், நாவல் என்று மூன்றிலேயே மூழ்கிக் கிடந்தது என் தப்பு. ஆங்கிலத் தாளுக்குப் பத்து அலகுகள் உண்டு. மொழி, இந்தியாவில் ஆங்கிலம், பண்பாட்டு ஆய்வு, ஆய்வு முறை எல்லாம் அதில் அடக்கம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்பதால் ஒரு கேள்வியையும் விடக்கூடாது. எனக்கு உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும்தான் கிடைத்தது, ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வரவில்லை. உதவித்தொகை இல்லாமல் முழுநேரம் படிக்க வீட்டில் வழி கிடையாது. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக 2019-இல் பதிவு செய்தேன்.

தலைப்பு வந்ததும் நெட் படிப்பிலிருந்துதான். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் குமரிக் கடலில் அடித்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் தம்பியின் போன் ஓயவில்லை. யார் கரை வந்தார்கள், யாரைக் காணோம், எங்கே காற்று எப்படி இருக்கிறது என்று பதிவு மேல் பதிவு. எல்லாம் குரல்தான். ஒருவரும் தட்டச்சு செய்யவில்லை. அடுத்த வருடம் தேர்வுக்குப் படிக்கும்போது வால்டர் ஓங் 1982-இல் எழுதிய ‘இரண்டாம் வாய்மொழி’ என்ற கருத்து வந்தது. வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி எல்லாம் வாய்மொழிப் பண்பாட்டைப் புதிய வடிவில் திருப்பிக் கொண்டுவருகின்றன, ஆனால் அது எழுத்தின் மேலும் அச்சின் மேலும் நிற்கும் வாய்மொழி என்பது அவர் வாதம். எங்கள் ஊர்க் குழுவில் அதிகம் பேசுகிறவர்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படும் பெரியவர்கள். அவர்கள் நிற்பது எதன் மேல்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் என் கைடைப் போய்ப் பார்த்தேன். மேடம் முழுதும் கேட்டுவிட்டு, “பாதி பேர் இது இலக்கியமான்னு கேப்பாங்க. பதில் வச்சுக்கோம்மா” என்றார்.

“மாஸ் கம்யூனிகேஷன் துறையில் பதிவு செய்தால் வேலை சுலபம்” என்று சொன்ன நண்பர்கள் உண்டு. அதைக் கேட்காமல் விட்டது நான் செய்த நல்ல முடிவுகளில் ஒன்று. பணி நியமனத்தில் எம்ஏ, நெட், பிஎச்டி மூன்றும் உரிய பாடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். நெட்டிலேயே ஆங்கிலத்துக்குக் குறியீட்டு எண் 30, மாஸ் கம்யூனிகேஷன், இதழியலுக்கு 63. தலைப்பு எவ்வளவு புதிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், பதிவு நீங்கள் எம்ஏ படித்த பாடத்தில் இருப்பது பாதுகாப்பு. வேலைக்காகத்தான் பிஎச்டி என்று நினைப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 2021-லிருந்து பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராகச் சேர பிஎச்டி கட்டாயம் என்றிருந்த விதியைத் தள்ளித் தள்ளிப் போட்டு, 2023 ஜூலையில் நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் போதும், பிஎச்டி விருப்பம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி மாற்றிவிட்டது. ஆகவே தலைப்பின் மேல் ஆசை இல்லாமல் ஆறு வருடத்தைக் கொடுக்காதீர்கள்.

பிஎச்டியின் தொடக்கப் பாடங்களான கோர்ஸ் ஒர்க் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தாள்கள் எழுதினேன், தேறினேன். அப்புறம் கொரோனா வந்து எல்லாம் நின்றது. குரல் பதிவுகள் மட்டும் நிற்கவில்லை. தம்பியின் போனிலிருந்து நாள்தோறும் எடுத்துச் சேர்த்தேன். ஆய்வை மேற்பார்வையிடும் டாக்டரல் கமிட்டி முன்னால் இரண்டாவது முறை உட்கார்ந்தபோது என்னிடம் 312 பதிவுகள் இருந்தன. பெருமையாகச் சொன்னேன். கமிட்டியில் இருந்த சார் ஒரே கேள்விதான் கேட்டார்: “இதுல எத்தனை பேர்கிட்ட அனுமதி வாங்கியிருக்கே?”

ஒருவரிடமும் வாங்கவில்லை. சித்தப்பா, மாமா, மச்சான் என்று எல்லாரும் உறவு. அவர்கள் குரலை எடுக்க அனுமதி வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அன்று பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அழுகை வந்தது. ஆனால் சார் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. அந்தப் பதிவுகளில் எந்தப் படகு எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றது என்பது இருந்தது. இலங்கைக் கடற்படை வருகிறது என்ற எச்சரிக்கை இருந்தது. யார் சம்மாட்டிக்கு, அதாவது படகு முதலாளிக்கு, எவ்வளவு கடன் என்பதுகூட இருந்தது. இதெல்லாம் ஆய்வேட்டில் ஏறினால் யாருக்கு என்ன வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

312-ஐயும் ஒதுக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். தமிழில் ஒரு பக்க ஒப்புதல் படிவம் தயாரித்தேன். இன்ன பதிவு, இன்ன காரணத்துக்கு, பெயர் வராது, எப்போது வேண்டுமானாலும் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் கரையில் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். உட்கார்ந்து பேச அதைவிட நல்ல நேரம் இல்லை. கையெழுத்துப் போடத் தயங்கியவர்களுக்குப் படிவத்தை நானே வாசித்துக் காட்டி, சம்மதத்தைக் குரலாகவே பதிந்துகொண்டேன். கமிட்டி அதை ஏற்றுக்கொண்டது. ஒரு பெரியவர், “கொரலு இருக்கட்டும். எந்த மடையில நின்னேன்னு மட்டும் வெட்டிரு” என்றார். மடை என்றால் அவர் மீன்பிடிக்கும் இடம். வெட்டினேன். எல்லை பற்றிய பதிவு ஒன்றுகூட எடுக்கவில்லை. முடிவில் 96 பதிவுகள் மிஞ்சின. பயமில்லாமல் எழுத அவை போதும்.

அடுத்தது குரலை எழுத்தில் கொண்டுவரும் எழுத்துப்பெயர்ப்பு. இதில்தான் ஒன்றரை வருடம் போனது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். ஒரு பதிவை மட்டும் சொல்கிறேன். சித்தப்பா முறை வரும் ஒருவர் விடியும் முன் குழுவில் போட்டது, 19 விநாடி.

“ஏப்பா, கச்சான் ஏறுது. நீவாடும் சரியில்ல.” அதற்கப்புறம் 4 விநாடிக்குப் பேச்சே இல்லை, வெறும் காற்றிரைச்சல். பிறகு: “யாரும் வல்லத்த இறக்காதீக. நான் சொல்றேன், இறக்காதீக.”

கச்சானை ‘மேற்குக் காற்று’ என்ற பொருளில் ஆங்கிலமாக்கினேன். திசை வந்தது, ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் ஊரில் வரும் பருவமும் பதைப்பும் வரவில்லை. நீவாடு கடல் நீரோட்டம்தான். ஆனால் வலையை எங்கே, எப்போது இறக்குவது என்ற கணக்கு முழுவதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. கடைசியில் கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்ற காற்றுப் பெயர்களையும் நீவாடு என்பதையும் தமிழாகவே விட்டுப் பின்னிணைப்பில் விளக்கம் கொடுத்தேன். ஆங்கில ஆய்வேட்டின் நடுப்பக்கத்தில் தமிழ் எழுத்து வரக்கூடாது என்று ஒரு ஆட்சேபம் எழுந்தது. பேசியவரின் சொல் முதலில், என் ஆங்கிலம் அதற்குக் கீழே என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மேடமும் எனக்காகப் பேசினார்.

அந்த 4 விநாடியை முதல் வரைவில் விட்டுவிட்டிருந்தேன். பேச்சு இல்லையே, எழுத என்ன இருக்கிறது? தடைக்காலத்தில் சித்தப்பாவையே கேட்டேன், “அந்த இடத்துல பேச மறந்துட்டீகளா?”

“மறக்கலத்தா. போனைக் காத்துல நீட்டுனேன். கேட்டா அவனுக்கே தெரியும்ல, எம்புட்டு வேகம்னு.”

அன்றே வீட்டுக்கு வந்து 96 பதிவுகளையும் மறுபடி கேட்டேன். என்ஜின் சத்தம், அலை, காற்று என்று நான் இரைச்சல் என எண்ணித் தள்ளிய இடங்களில் பல, வேண்டுமென்றே கேட்கவைத்த இடங்கள். எழுத்தில் நிற்காத இவர்களின் வாய்மொழி எதன் மேல் நிற்கிறது என்ற என் கேள்விக்கு அங்கேதான் ஒரு பதில் கிடைத்தது. ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பும் பாம்பன் கடல் ஓசை 90.4 வானொலியும் சொல்வதைக் கேட்டுவிட்டு, போனில் காற்றைக் காட்டும் விண்டி செயலியையும் பார்த்துவிட்டு, அதன் பிறகும் இவர்கள் ஒருவருக்கொருவர் காற்றை நேராகக் கேட்கவைக்கிறார்கள். மூன்றாம் இயலை முழுக்கத் திருப்பி எழுதினேன். ஒவ்வொரு பதிவிலும் சத்தங்களை விநாடிக் கணக்கோடு குறித்தேன்.

கட்டுரை விஷயத்தில் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த காலத்து 2016 யுஜிசி விதிகளின்படி ஆய்வேடு கொடுக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க வாசிப்பும் வேண்டும். அவசரத்தில் ஓர் இதழுக்கு 3,500 ரூபாய் கட்டினேன். நான்கே நாளில் வெளியிட்டார்கள். யாரும் வாசித்துக் கருத்துச் சொல்லவில்லை, ஒரு எழுத்துப்பிழைகூடத் திருத்தவில்லை. யுஜிசி ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான கேர் பட்டியலில் இல்லை என்று கமிட்டி அதைத் தள்ளிவிட்டது. பட்டியலில் இருந்த இதழில் அடுத்த கட்டுரை வர பதினான்கு மாதம் ஆனது, ஆனால் அங்கே வந்த இரண்டு மதிப்புரைகளும் என் இரண்டாம் இயலையே நிமிர்த்தின. 2022 நவம்பர் விதிகளில் கட்டுரை கட்டாயம் இல்லை, கேர் பட்டியலையும் 2025-இல் நிறுத்திவிட்டார்கள். பல்கலைக்கழகம் தன் அளவில் என்ன கேட்கிறது என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு நாளில் அச்சேற்றித் தருகிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

மேற்கோள் முறை எம்எல்ஏ, அதாவது மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் வகுத்தது. எட்டாம் பதிப்பில் தொடங்கினேன், 2021-இல் ஒன்பதாம் பதிப்பு வந்தது. பெயர் வெளியிடக்கூடாத ஒருவரின் குரல் பதிவை எப்படி மேற்கோள் காட்டுவது என்பதற்கு எதிலும் நேர் வழி கிடைக்கவில்லை. எண்ணும் தேதியும் மட்டும் போட்டு, அப்படிச் செய்த காரணத்தை அறிமுகத்தில் எழுதினேன். பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒற்றுமைச் சோதனையில் முதல் அறிக்கை 23 சதவீதம் காட்டியபோது தூக்கம் போனது. 2018 யுஜிசி விதிப்படி 10 சதவீதம் வரைதான் தண்டனை இல்லை. நிதானமாகப் பார்த்தால், பாதிக்கு மேல் நூற்பட்டியலும் மேற்கோள் குறிக்குள் இருந்த வரிகளும்தான். அவற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று விதியே சொல்கிறது. மீதியில் சில பத்திகள் உண்மையிலேயே என் சோம்பல்: பிறர் வாக்கியத்தில் நாலு சொல்லை மட்டும் மாற்றியிருந்தேன். அவற்றைப் புதிதாக எழுதினேன். 7-க்கு வந்தது.

2024 கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். 2025-இல் வாய்மொழித் தேர்வான வைவா. பொது வைவா என்றால் யாரும் வரலாம் என்பதால் ஊரிலிருந்து வேன் பிடித்துப் பதினோரு பேரை அழைத்துப் போனேன். கடைசி வரிசையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வெளி மாநிலத்திலிருந்து வந்த தேர்வாளர் அந்த 4 விநாடியைத்தான் பிடித்தார். “இதில் மொழியே இல்லை. மொழித்துறை ஆய்வேட்டில் இதற்கு ஏன் ஆறு பக்கம்?”

பதில் தயாராக வைத்திருந்தேன். ஆனாலும் முதலில் பதிவைப் போட்டுக் காட்ட அனுமதி கேட்டேன். சித்தப்பாவிடம் காலையிலேயே கேட்டிருந்தேன். பேச்சுப் பகுதியை விட்டுவிட்டு அந்த 4 விநாடியை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டேன். ஹால் முழுக்கக் காற்று. நான் வாயைத் திறக்கும் முன் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “முத்துன கச்சான்ல இது.”

தேர்வாளர் திரும்பிப் பார்த்தார். எப்படித் தெரியும் என்று மேடம் வழியாகக் கேட்டார். பேசியது எங்கள் தெரு மாமா. எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “விட்டு விட்டு அடிக்கல சார். ஒரே இழுப்பா இழுக்குது. வாடையா இருந்தா வேற மாதிரி கேக்கும்.” மேடம் மொழிபெயர்த்தார். தேர்வாளர் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “இப்போது உங்கள் பதிலைச் சொல்லுங்கள்” என்றார். சொன்னேன்.

முடிவை அறிவித்தபோது மணி இரண்டு. டீயும் வடையும் சாப்பிட்ட கையோடு மாமா வேன்காரரைத் தேடிக் கிளம்பிவிட்டார். இருட்டுவதற்குள் மண்டபம் போய்ச் சேர வேண்டும், விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் அவர்களுக்குக் கடல்.