மூன்று சென்ட் நிலமும் ஒரு கறுப்புத் தார்ப்பாயும்

அலாட்மென்ட் என்றால் என்னவென்று ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆனது. "கவுன்சில்கிட்ட, நம்ம ஊர் நகராட்சி மாதிரி, வாடகைக்கு எடுக்கிற துண்டு நிலம்ப்பா. காய்கறி போட்டுக்கலாம். ஆனா நம்ம வீட்டுத் தேவைக்குத்தான், வியாபாரத்துக்கு இல்லை." அடுத்த கேள்வி உடனே வந்தது: "எவ்வளவு நிலம்?" பிரிட்டனில் இதை இன்னும் ராடு என்ற பழைய அளவில்தான் சொல்கிறார்கள். முழுத் துண்டு 10 ராடு, அதாவது சுமார் 250 சதுர மீட்டர். எனக்குக் கிடைத்தது அதில் பாதி. மனக்கணக்குப் போட்டு, "மூணு சென்ட்" என்றேன். அப்பா சிரித்துவிட்டார். "அது வீட்டு மனைடா!"

கேட்பவர்களுக்குக் கவுன்சில் நிலம் ஒதுக்க வேண்டும் என்று இங்கே 1908-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். சட்டம் இருந்தாலும் வரிசை நீளம். பெயர் கொடுத்துவிட்டு மறந்தே போயிருந்த ஒரு பிப்ரவரியில் சாவி வந்தது. போய்ப் பார்த்தால் முழங்கால் உயரப் புல், நடுவில் ஒரு துருப்பிடித்த பீப்பாய், மூலையில் முள் புதர். அந்த மூன்று சென்ட்டும் அன்றைக்கு மூன்று ஏக்கராகத் தெரிந்தது.

இங்கேதான் முதல் தப்பு. ஒரே வார இறுதியில் முழுவதையும் உழுதுவிட வேண்டும் என்று ரோட்டவேட்டர், அதாவது கையால் தள்ளும் உழவு இயந்திரம், ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். இரண்டு மணி நேரம். புல் காணாமல் போய், புட்டு மாவு மாதிரி பொலபொலவென்று மண். படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பக்கத்துத் துண்டுக்காரர், எழுபதைத் தாண்டியவர், வேலியருகே நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த மௌனத்தை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் நிலம் முழுக்கப் பச்சை. குனிந்து ஒன்றைப் பிடுங்கினேன். என் கட்டை விரல் நீளம்கூட இல்லாத வெள்ளை வேர்த்துண்டு. ஒரு முனையில் முளை, கீழே மயிரிழை வேர்கள். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒன்று கவுச் புல். நம் அறுகம்புல்லைப் போலவே மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் பரவும். இன்னொன்று பைண்ட்வீட் என்ற கொடி. வேர் தடித்து, தொட்டாலே ஒடியும். இரண்டுமே துண்டு துண்டாகப் போனால் ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகிவிடும். காசு கொடுத்து இயந்திரம் வாங்கிவந்து, களையைப் பதியன் போட்டிருக்கிறேன். பெரியவரிடம் போய்க் கேட்டேன், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று. "நானும் முதல் வருஷம் அதைத்தான் செய்தேன். அப்போது யார் சொல்லியும் நான் கேட்கவில்லை" என்றார்.

அவர் சொன்னபடி மூன்றில் இரண்டு பங்கை அப்படியே விட்டுவிட்டு, வெளிச்சம் புகாத கறுப்புத் தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் செங்கல் வைத்தேன். வீடியோ அழைப்பில் அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நெல்லு காயப் போட்டிருக்கியா?" இல்லை என்றதும், "நிலத்தை வாங்கி மூடி வெச்சிருக்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன்" என்றார்.

மீதி ஒரு சென்ட்டில் நான்கு பாத்தி. பல் வைத்த மண்வெட்டியால் மண்ணைக் கிளப்பி, வேர்களைக் கையால் பொறுக்கினேன். ஒரு பாத்திக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சலிப்பான வேலைதான், ஆனால் மண்ணைப் படித்தது அந்த நாட்களில்தான். ஜாம் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு நன்றாகக் குலுக்கி ஜன்னல் ஓரம் வைத்தேன். ஒரு நிமிடத்தில் மணல் கீழே உட்கார்ந்தது, மெல்லிய கோடு. இரண்டு மணி நேரத்தில் வண்டல். களிமண் மட்டும் மறுநாள் காலையிலும் பால் விட்ட டீ மாதிரி கலங்கியே நின்றது. அது முழுதாகப் படிந்தபோது பாட்டிலில் இருந்த மண்ணில் பாதிக்கு மேல் அதுதான். ஈரத்தில் மிதித்தால் இறுகும், காய்ந்தால் வெடிக்கும், ஆனால் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மண். அன்றிலிருந்து மழை பெய்த மறுநாள் பாத்திக்குள் கால் வைப்பதில்லை. தேவைப்பட்டால் பலகை போட்டு அதன் மேல் நிற்பேன். தொழுவுரத்தை மேலே பரப்பியதோடு சரி; உள்ளே இழுத்துக்கொள்ளும் வேலையை மண்புழுக்களுக்கு விட்டுவிட்டேன்.

மார்ச் கடைசியில் உருளைக்கிழங்கு. முட்டை அட்டையில் முளை மேலே பார்க்க வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் குட்டையாகத் தடித்த முளை வரவிட்டு நட்டேன். செடி ஒரு சாண் வளர்ந்ததும் மண் அணைத்தேன். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகிவிடும், பச்சை ஏறியது விஷம். அதற்காகத்தான் இந்த அணைப்பு. இதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை, உருளைக்கிழங்கு தானே வளர்ந்துகொண்டது.

கூர்ஜெட், அதாவது வெள்ளரி மாதிரி இருக்கும் சுக்கினிக் காய், கதை வேறு. ஏப்ரல் வெயிலை நம்பி, ஆறு நாற்றுகளை மாத இறுதியிலேயே வெளியே நட்டேன். மே முதல் வாரம் ஒரு இரவு உறைபனி. காலையில் இலைகள் வேகவைத்த கீரை மாதிரி தொங்கின. மே பாதிக்கு மேல் மறுபடி ஆறு நட்டேன். அவற்றில் நான்கை ஓடில்லா நத்தைகள் ஒரே வாரத்தில் தின்றுவிட்டன. டார்ச் எடுத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பொறுக்கியதுதான் உருப்படியான வைத்தியம். முட்டை ஓடு தூவியதெல்லாம் என் மன ஆறுதலுக்கு. மிஞ்சிய இரண்டு செடிகளே ஆகஸ்டில் என்னைத் திணறடித்தன. இரண்டு நாள் போகாவிட்டால் காய் முழங்கை நீளம் ஆகிவிடுகிறது. ஆறும் பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

பிராட் பீன்ஸ் என்ற அவரை வகையில் ஜூனில் கறுப்பு அசுவினி மொய்த்தது. அவை இளந்தளிரில்தான் கூடும் என்பதால் கீழே காய் பிடிக்கத் தொடங்கியதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளினேன், அடங்கியது. கேரட் பற்றி எழுத ஒன்றுமில்லை: முளைத்ததே ஒன்பது, அதுவும் களிமண்ணில் இரண்டு காலும் மூன்று காலுமாக.

எனக்குப் பிடித்த சம்பவம் ஜூலையில். பீன்ஸ் பாத்தியில், இலை அடியில் மாவு பூசினாற்போல் ஒரு களை வாரம் தவறாமல் முளைக்கும். இங்கே அதற்கு ஃபேட் ஹென் என்று பெயர். கூடை கூடையாகப் பிடுங்கி மக்குக் குவியலில் போட்டுக்கொண்டிருந்தேன். வீடியோவில் அதைப் பார்த்த அம்மா அப்பாவிடமிருந்து போனைப் பிடுங்கினார். "டேய், அது சக்கரவர்த்திக் கீரைடா! அதையா தூக்கிப் போடுற?" பெயரைப் போட்டுப் பார்த்து, இலையையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், அதேதான். நான் விதைத்த பசலை கால்வாசிகூட வரவில்லை. விதைக்காத கீரை பருப்போடு சேர்ந்து அன்று இரவே சாப்பாட்டுக்கு வந்தது.

உருளைக்கிழங்கைத் தோண்டியது ஜூலை நடுவில். இருபது செடி, பதினொரு கிலோ. ஒரு கிழங்கைக் கழுவும்போது அதில் ஊசி கோத்த மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். கவுச் புல்லின் அடித்தண்டு. கிழங்கின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்திருக்கிறது. அவ்வளவு கவனமாகப் பொறுக்கியும் விட்டுப்போன ஒன்று.

இது அக்டோபர். பூண்டுப் பற்களை நட்டாயிற்று. ஒரு சென்ட்டில் வந்ததைப் பார்த்து ஆசை வந்து, அடுத்த பாத்திக்காகத் தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். புல் மக்கி வைக்கோல் நிறம், மண் கறுத்து மெத்தென்று, புழு நெளிகிறது. அப்புறம் இன்னும் ஓர் அடி தூக்கினேன். பைண்ட்வீட் வெளிச்சமே இல்லாமல், சேமியா மாதிரி வெளுத்து, கை நீளத்துக்கு ஓரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. எட்டிய வரை உருவி எடுத்தேன். செங்கல்லைத் திரும்ப வைத்தேன்.