காயில் எரிந்த கதை

இது 2023 மே மாதம் நடந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் லடிங்டன் ஸ்டேட் பார்க்கில் இரண்டு இரவு தங்கலாம் என்று போயிருந்தோம். மிச்சிகன் ஏரிப் பக்கம் மே மாதத்திலும் ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. எங்களுடையது 2001ஆம் வருட மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிச் சமைத்துக் குளிக்கும் வண்டி), ஃபோர்டு இ-450 சேசிஸ், எங்களிடம் வருவதற்கு முன்பே இரண்டு பேரிடம் இருந்துவிட்டு வந்தது. அதன் வெந்நீர் ஹீட்டர் கேஸிலும் ஓடும், கரண்டிலும் ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள், கேஸ் பக்கம் முதல் நாளிலிருந்தே ஓடவில்லை (அது தனிக்கதை, இன்னொரு நாள்). கரண்டை நம்பித்தான் குடித்தனம்.

போய்ச் சேர்ந்ததும் பார்க்கின் கரண்ட் பாயிண்டில் 30 ஆம்ப் ஒயரைச் செருகினேன், வண்டியின் தண்ணீர் டாங்க்கில் தண்ணீர் பிடித்தேன், பம்ப்பைப் போட்டேன், வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் ஹீட்டர் சுவிட்சைப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஏங்க, தண்ணி ஐஸ் மாதிரி வருது."

பிரேக்கர் விழவில்லை. வெளிக் கதவைத் திறந்தால் ஹீட்டரில் ஒரு சின்ன ரப்பர் மூடிக்குக் கீழே ரீசெட் பட்டன் இருக்கும், தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் அது துள்ளிவிடும். அழுத்திப் பார்த்தேன், அது துள்ளவே இல்லை. அப்புறம் பிளக்கையே பிடுங்கிவிட்டு (பிரேக்கரை மட்டும் நம்பி உள்ளே கை வைக்காதீர்கள்), கட்டில் பலகையைத் தூக்கி, ஹீட்டரின் பின்பக்க மூடியைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் இரண்டு ஒயரையும் பிரித்து மல்டிமீட்டரை வைத்தேன். 120 வோல்ட், 1440 வாட் என்றால் 12 ஆம்ப், அப்படியானால் 10 ஓம் அளவில் காட்ட வேண்டும். மீட்டர் எதுவுமே காட்டவில்லை. காயில் அறுந்திருந்தது.

சரி, ஹீட்டர் டாங்க்கைக் காலி செய்துவிடலாம் என்று வெளியே வந்து, பிரஷர் வால்வைத் தூக்கிவிட்டு, முகத்தில் அடிக்கக் கூடாதே என்று தள்ளி நின்று, வாளியை வைத்துக் கீழேயிருக்கும் வடிகால் பிளக்கைத் திருகினேன். 6 கேலன், ஏறக்குறைய 23 லிட்டர் கொட்ட வேண்டிய இடத்தில் நாலைந்து சொட்டுதான் வந்தது.

அப்போதுதான் உறைத்தது. இங்கே குளிர்காலத்தில் வண்டியில் தண்ணீர் நின்றால் உறைந்து பைப்பைப் பிளந்துவிடும். அதனால் அக்டோபரிலேயே ஹீட்டரை வடித்துவிட்டு, பைப்புக்குள் ரோஸ் கலர் ஆன்டிஃப்ரீஸ் (குளிரில் உறையாத திரவம்) விட்டுவைப்போம். அந்தத் திரவம் டாங்க்குக்குள் போய் வீணாகாமல் இருக்க, ஹீட்டருக்குப் பின்னால் இருக்கும் மூன்று வால்வுகளைத் திருப்பி பைபாஸில், அதாவது டாங்க்கைத் தொடாமல் சுற்றிப் போகும் வழியில், வைப்போம். வசந்தத்தில் அதை மறுபடி திருப்ப வேண்டும், நான் திருப்பவில்லை. இதில் ஏமாற்று வேலை என்னவென்றால், பைபாஸில் இருக்கும்போது பச்சைத் தண்ணீர்தான் நேராக வெந்நீர்க் குழாய்க்குப் போகும். குழாயைத் திறந்தால் ஜோராக வரும், டாங்க் நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம், உள்ளே வெறும் காற்றுதான் இருக்கும். ரீசெட் பட்டன் ஏன் துள்ளவில்லை என்பதும் அப்போது புரிந்தது. அதன் சென்சார் டாங்க்கின் சுவரை ஒட்டி இருக்கிறது, சுவருக்குச் சூடு போய்ச் சேருவதற்குள் காற்றில் தொங்கும் காயில் எரிந்து முடிந்துவிடும்.

வாளியில் காயிலைப் போட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடணும் என்று அம்மாவிடம் எத்தனை தடவை திட்டு வாங்கியிருப்பேன்! அதே தப்பை சக்கரம் வைத்த வீட்டில் செய்திருக்கிறேன். பார்க்கின் பொதுக் குளியலறையில் குளித்துவிட்டு ஊர் திரும்பினோம்.

புதுக் காயில் அப்போது 20 டாலருக்குக் கொஞ்சம் மேல் ஆனது. வாங்கும்போது 120 வோல்ட்தானா, டாங்க்குக்குள் அடங்கும் நீளமா என்று பாருங்கள். வீட்டு ஹீட்டருக்கான 240 வோல்ட் காயிலை இதில் மாட்டினால் கால்வாசிச் சூடுதான் வரும். கழற்ற ஒன்றரை இஞ்ச் சாக்கெட் வேண்டும். தகட்டில் அடித்த மலிவு ஸ்பேனர் ஒன்று விற்கிறார்கள், அது இரண்டு தடவை வழுக்கி என் விரல் முட்டியைப் பெயர்த்ததும் தூக்கி எறிந்தேன். நல்ல சாக்கெட்டும் நீளமான கைப்பிடியும் போட்டு, கட்டிலுக்கடியில் குப்புறப் படுத்து, அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு 'டக்' என்று விட்டது. ஒழுகாமல் இருக்க வைக்கும் பழைய கேஸ்கெட் வளையம் டாங்க் வாயில் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது, அதைச் சுத்தமாகச் சுரண்டாமல் புதுசை மாட்டினால் கட்டாயம் ஒழுகும்.

திறந்ததுதான் திறந்தோம் என்று ஹோஸை விட்டு டாங்க்கைக் கழுவினேன், வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒரு கை அளவுக்கு வந்தது. வடிகால் பிளக்கோடு சேர்ந்த மெக்னீசியம் கம்பியும் பென்சில் கனத்துக்கு இளைத்திருந்தது. எஃகு டாங்க்கைத் துரு தின்னாமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரைவதுதான் அந்தக் கம்பியின் வேலை. அதையும் மாற்றி, மரையில் டெஃப்லான் டேப் சுற்றி மாட்டினேன். அலுமினிய டாங்க் வைத்த ஹீட்டர்களுக்கு இந்தக் கம்பி கிடையாது, பிளாஸ்டிக் பிளக் மட்டும்தான் இருக்கும்.

வால்வுகளைத் திருப்பி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்தேன். முதலில் ஒன்றுமே வரவில்லை, பிறகு புஸ் புஸ் என்று காற்றும் தண்ணீருமாகத் துப்பியது, கடைசியில் தாரையாக வந்தது. காயிலைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டு, கராஜ் பிளக்கில் கரண்ட் கொடுத்தேன். 10 டிகிரித் தண்ணீர் 60 டிகிரிக்கு வர 55 நிமிடம் ஆகும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன், ஒரு மணி நேரத்தில் தெர்மோஸ்டாட் 'கிளிக்' என்று நின்றது.

இப்போது ஹீட்டர் சுவிட்ச் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறது. அதில் மார்க்கரால் "பைபாஸ் பார்த்தாச்சா?" என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது இல்லை.