மூணாவது பேரு

2016-ல ஜர்னல்ல வந்த அந்த ஆராய்ச்சிப் பேப்பரோட பிரிண்ட் அவுட் இன்னமும் என் பீரோவுல இருக்கு. மொத்தம் நாலு ஆத்தர், மூணாவது நான். சாம்பிள் எடுத்தது, அரைச்சது, படிக அமைப்பைக் காட்டுற எக்ஸ்ஆர்டி மெஷினுக்கு ராத்திரி ரெண்டு மணி ஸ்லாட் வாங்கி முழிச்சுக் கிடந்தது, முதல் டிராஃப்ட் எழுதினது எல்லாம் நான்தான். முதல் பேரா வந்தவர் ஒரு நாள்கூட அந்த லேபுக்குள்ள வந்ததில்ல. கைடுகிட்ட கேட்டேன். "இப்ப இது போகட்டும்மா, அடுத்தது உன் பேர்ல பண்ணிக்கலாம்"னாரு. அடுத்ததுன்னு ஒண்ணு வரவே இல்ல.

நான் எடுத்த விஷயம் செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு. காரைக்குடிதான் ஊரு, அதனால சின்ன வயசுலயே பெரிய வீடுகளுக்குள்ள போயி வந்து பழக்கம், வெயில்ல ஓடி வந்து முகப்புச் சுவத்துல முதுகைச் சாய்ச்சா சித்திரை மாசத்துலயும் குளுகுளுன்னு இருக்கும், கையை வச்சுத் தடவுனா முட்டை ஓடு மாதிரி வழுவழுன்னு. நூறு வருஷம் ஆகியும் அது ஏன் அப்படியே இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னுதான் கெமிஸ்ட்ரியே படிச்சேன்.

மூணாவது பேருன்னா என்ன பெரிய நஷ்டம்னு வெளியில இருக்கிறவங்களுக்குத் தோணலாம். காலேஜ் வாத்தியாருங்க ப்ரமோஷனுக்கு மார்க் போடுற 2018 யுஜிசி விதிப்படி ரெண்டு பேருக்கு மேல எழுதின பேப்பர்னா முதல் ஆத்தருக்கோ ஜர்னலோட தொடர்புல இருக்கிற கரஸ்பாண்டிங் ஆத்தருக்கோ 70 சதவீத மார்க், மத்தவங்களுக்குத் தலைக்கு 30. 2019-ல ப்ரமோஷனுக்கு உக்காந்தப்போ எனக்குக் குறைஞ்சது அந்த மார்க்தான். அந்த வருஷம் தள்ளிப்போச்சு. வீட்டுக்கு வந்து யார்கிட்டயும் சொல்லல, அம்மா மட்டும் தட்டுல சோத்தைப் போட்டுட்டு மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாங்க.

சரி, நம்மளே தனியா எழுதுவோம்னு இறங்கினேன். லேபுலயே பூச்சு தயாரிச்சு பழைய வீட்டுப் பூச்சோட ஒப்பிட்டு எழுதி அனுப்புனா ரெண்டு ஜர்னல் வரிசையா ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. இரண்டாவது ஜர்னலுக்காகப் பேப்பரை மதிப்பிட்ட ரிவியூவர் எழுதினது எனக்கு மனப்பாடம்: உங்க சாம்பிள் எல்லாம் வெடிச்சுக் கிடக்கு, இதை வச்சு எப்படி ஒப்பிடுறீங்க? அவர் கேட்டது நியாயம்தான். முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்த் தண்ணி, வெல்லம் எல்லாம் அளவாத்தான் போட்டேன், இருந்தும் மயிரிழை மாதிரி வெடிப்பு. உடைச்சுப் பாத்து ஃபினால்ஃப்தலீன்னு ஒரு கெமிக்கல் கரைசலை அடிச்சா உள்ள ரோஸ் கலராகுது, அதாவது காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு இன்னும் உள்ள போயி சுண்ணாம்பைக் கல்லாக்கல. பழைய வீட்டுத் துண்டுல அடிச்சா நிறமே மாறாது.

அந்த நேரத்துலதான் காரைக்குடி பக்கத்துல கானாடுகாத்தான்ல ஒரு வீட்டுல பழுதுபார்க்கிற வேலை நடக்குதுன்னு கேள்விப்பட்டு, டப்பாவுல என் சுண்ணாம்பை எடுத்துட்டுப் போனேன். மேஸ்திரி அறுபது வயசுக்காரர், பள்ளத்தூர்க்காரர். கரண்டியை உள்ள விட்டுத் தூக்கிப் பாத்தாரு, சாய்ச்சாரு, கரண்டியிலயே அப்பிக்கிச்சு.

"எத்தனை நாளு ஊறப் போட்டீக தாயி?"

"மூணு நாள்ண்ணே."

"பச்சைச் சுண்ணாம்பா இருக்கு. இதுக்கு இன்னும் கோவம் அடங்கல. கோவத்தோட சுவத்துல ஏத்துனா வெடிக்கத்தான் செய்யும். எங்கய்யா காலத்துல மாசக்கணக்குல குழியில கெடக்கும்."

அவர் தொட்டியில இருந்து ஒரு கரண்டி எடுத்துக் காமிச்சாரு, அது கரண்டியில ஒட்டாம வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு இறங்குச்சு. அதுல கொஞ்சம் வாங்கிட்டு வந்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தா படிகமெல்லாம் சின்னச் சின்னத் தகடா ஆகியிருந்தது, என்னோடது தடித்தடியா நின்னுச்சு. உலகத்துக்கு இது புதுசு இல்ல, ரோமாபுரியில மூணு வருஷத்துக்குக் குறைஞ்ச சுண்ணாம்பைக் கட்டடத்துக்கு எடுக்கக் கூடாதுன்னு பழைய சட்டமே இருந்ததா அந்தக் கால ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வச்சிருக்காரு. நான்தான் புஸ்தகத்துல இருந்த அளவைப் பிடிச்சுட்டு காலத்தை விட்டுட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அவர் சொன்னபடி ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணியை எத்தனாவது நாள் சேக்கணும்ங்கிறது வரைக்கும் அவரையே கேட்டுக் கேட்டு செஞ்சேன். ஒரு சாம்பிள்கூட வெடிக்கல.

2022-ல பேப்பர் அக்செப்ட் ஆச்சு, முதல் பேரு என்னோடது. அச்சுக்கு முன்னாடி சரிபார்க்க ப்ரூஃப் வந்த அன்னிக்கு ராத்திரி உக்காந்து ஒவ்வொரு வரியா படிச்சுட்டே வந்து கடைசியில நன்றி பகுதியில கண்ணு நின்னுச்சு. "உள்ளூர்க் கொத்தனார்களுக்கு நன்றி." நான் எழுதின வரிதான். மூணாவதா போட்டாங்களேன்னு ஆறு வருஷம் உள்ளுக்குள்ள புழுங்கினவ நான், அவருக்குப் பேரே இல்லாம பண்ணியிருக்கேன். அன்னிக்குத் தூக்கம் வரல.

டக்ளஸ் பிரேஷர்னு ஒருத்தர், ஜெல்லி மீன்ல இருந்து பச்சையா ஒளிர்ற புரதத்தோட ஜீனை முதல்ல பிரிச்சவர், 1992-ல. நிதி நின்னுபோனதும் அதை ரெண்டு விஞ்ஞானிகளுக்குக் குடுத்துட்டு ஒதுங்கிட்டாரு. 2008-ல அந்த ரெண்டு பேருக்கும் நோபல் கிடைச்சப்போ அவர் அமெரிக்காவுல கார் விக்கிற ஒரு டீலர்கிட்ட வேன் ஓட்டிட்டு இருந்தாரு. ஆனா அவங்க ரெண்டு பேரும் வெளிப்படையா அவர் பேரைச் சொன்னாங்க, அவங்க செலவுல ஸ்டாக்ஹோம் விழாவுக்குக் கூட்டிட்டும் போனாங்க. இதை என் கதையா நினைச்சு எத்தனையோ தடவை படிச்சு அழுதிருக்கேன். அந்த ராத்திரிதான் நான் நிக்கிற பக்கம் வேறன்னு உறைச்சுது.

காலையிலயே எடிட்டருக்கு மெயில் போட்டேன், இவரையும் ஆத்தரா சேக்கணும், காரணம் இதுன்னு. ஆத்தர்னா முழுசையும் தெரிஞ்சு ஒத்துக்கணுமே, அதனால ரெண்டு சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில உக்காந்து மொத்தத்தையும் தமிழ்ல சொன்னேன். கடுக்காய்த் தண்ணி இடத்துல நிறுத்தி, "அஞ்சு நாளுன்னு போடாதீக, மழைக்காலத்துல எட்டாகும்"னாரு. திருத்தினேன். எடிட்டர் ஒரு மாசம் கழிச்சு ஒத்துக்கிட்டாங்க.

அடுத்த வருஷம் ப்ரமோஷனும் வந்துச்சு, சந்தோஷம்தான், அதைப் பத்தி எழுத பெருசா ஒண்ணும் இல்ல.

அச்சான பேப்பரை எடுத்துட்டுப் போயி அவர்கிட்ட குடுத்தேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, "எது தாயி எம்பேரு?"ன்னாரு. ரெண்டாவதா இருந்ததைக் காட்டுனேன். சுண்ணாம்பு தின்னு வெடிச்ச கட்டைவிரலை அது மேல படாம பக்கத்துல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. பேருக்குக் கீழ இருந்த சின்ன எழுத்தைக் காட்டி இது என்னன்னு கேட்டாரு. ஊரும் வேலையும்ணே, காரைக்குடின்னு போட்டிருக்கேன்னேன்.

"பள்ளத்தூருன்னு போட்டிருக்கலாம்ல."

போட்டிருக்கணும். இரண்டாவது பேப்பர் இப்ப எழுதிட்டு இருக்கேன், அதுல முதல்ல டைப் பண்ணின வரி அதுதான்.