எழுந்து நிற்பதையும் கவனிக்கலாம்

இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் தோள்கள் எங்கே இருக்கின்றன, தாடை இறுகியிருக்கிறதா, மூச்சு நெஞ்சோடு நின்றுவிடுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். நம்மில் நிறையப் பேருக்குத் தோள் காதுப் பக்கம் ஏறித்தான் இருக்கும், அதுவும் தெரியாமலேயே.

மூளையிலிருந்து வயிறு வரை போகும் வேகஸ் நரம்பின் பெரும்பாலான இழைகள் உடம்பிலிருந்து மூளைக்குத்தான் செய்தி கொண்டுபோகின்றன. மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். அதனால்தான் நிதானமாக, நீளமாக மூச்சு விட்டால் படபடப்பு தணிகிறது. மனதை 'அமைதியாக இரு' என்று அதட்டினால் கேட்காது, உடம்பு வழியாகப் போனால் பல நேரம் கேட்டுவிடும்.

யோகா, தாய் சி (மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சி) எல்லாம் ரொம்ப நல்லது, முடிந்தவர்கள் அவசியம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு நேரம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாற்காலியிலிருந்து எழுவதையே எடுத்துக்கொள்ளுங்களேன்: இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிகிறதா, எடை எந்தக் காலில் கூடுதலாக விழுகிறது, எழும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறோமா, கழுத்து எதற்காக முன்னால் நீள்கிறது... மெதுவாக எழுந்து, அப்புறம் அதைவிட மெதுவாக உட்கார்ந்து பார்த்தால் இதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியவரும். பொறியாளரும் ஜூடோ வீரருமான மோஷே பெல்டன்கிரைஸ் (1904–1984) தன் முழங்கால் காயத்தோடு போராடிய காலத்தில் இப்படிச் சின்னச் சின்ன அசைவுகளைக் கவனித்துத்தான் ஒரு பயிற்சி முறையையே வளர்த்தெடுத்தார்.

வலித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தலைச்சுற்றல் உள்ளவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே எழுந்திருங்கள்.