கடலில் விழுந்த பாடசாலைகள்: கியூஜிஐஎஸ்ஸில் முதல் அடுக்குப் படம் வரைந்த அனுபவம்

உயர்தரத்தில் புவியியல் படித்தவர்களுக்கு அந்தச் செய்முறை நினைவிருக்கும். 1:50,000 இடவிளக்கப்படத்தின் மேல் ட்ரேசிங் தாளை விரித்து, ஒரு தாளில் ஆறுகளையும் இன்னொரு தாளில் வீதிகளையும் வரைந்துகொண்டு, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். மூலைகளில் இட்ட குறிகள் சற்று விலகினாலும் பாலம் ஓரிடத்திலும் ஆறு வேறிடத்திலும் நிற்கும். பல்கலைக்கழகத்தில் புவியியல் தகவல் முறைமைப் பாடம், அதாவது இடம்சார்ந்த தரவைக் கணினியில் படமாக்கும் ஜிஐஎஸ், தொடங்கியபோது, மூலைகளைப் பொருத்தும் அந்தத் தொல்லையைக் கணினி தானே ஏற்றுக்கொள்ளும் என்று நான் எண்ணியிருந்தேன். ஏற்றுக்கொள்ளத்தான் செய்கிறது, ஆனால் ஒவ்வொரு தாளின் மூலையும் எங்கே இருக்கிறது என்பதை நாம் சரியாகச் சொல்லிக்கொடுத்தால் மட்டுமே.

எங்களுக்குத் தரப்பட்ட ஒப்படை எளிமையானதாகத் தோன்றியது. கொழும்பு நகரின் கால்வாய்களிலிருந்து 200 மீற்றருக்குள் அமைந்த பாடசாலைகளை, கிராம அலுவலர் பிரிவுகளின் சனத்தொகை அடர்த்தியோடு ஒரே படத்தில் காட்ட வேண்டும். பிரிவுகளின் எல்லை, கால்வாய்கள், பாடசாலைகள், அடர்த்தி என்று எண்ணினால் நான்கு விடயங்கள்தான். அதை முடிக்க எனக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. அவற்றில் இரண்டு வாரங்கள் இங்கே எழுதப்போகும் தவறுகளிலேயே கழிந்தன.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2002 இல் தொடங்கப்பட்டு, முன்பு குவாண்டம் ஜிஐஎஸ் என்று அழைக்கப்பட்ட கியூஜிஐஎஸ் என்ற இந்தப் படம் வரையும் மென்பொருள் இலவசமானது. பழைய மடிகணினியிலும் ஓரளவு ஓடும். பதிவிறக்கும்போது ஆகப் புதிய பதிப்பை விட்டு நீண்டகால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள். வீட்டிலும் ஆய்வுகூடத்திலும் ஒரே பதிப்பு இருந்தால், செய்முறைத் தேர்வு நாளில் பொத்தான்களைத் தேடி அலைய வேண்டியிராது. ஆய்வுகூடத்தில் கட்டண மென்பொருளே இருந்தாலும் கவலை வேண்டாம். இங்கே சொல்பவற்றில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

அடுக்கு, அதாவது எல்லோரும் லேயர் என்று சொல்வது, இடப்பக்கப் பட்டியலில் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையிலேயே படத்திலும் வரையப்படும்; பட்டியலில் மேலே இருப்பது படத்திலும் மேலே இருக்கும். இதை அறியாமல் பாடசாலைப் புள்ளிகள் அழிந்துவிட்டன என்று பதறி, ஒரே கோப்பை மூன்று முறை ஏற்றியவன் நான். அவை அழியவில்லை; கடைசியாக ஏற்றிய பிரிவு எல்லைகளின் நிறத்துக்குக் கீழே மறைந்திருந்தன. பரப்புகள் அடியில், கோடுகள் நடுவில், புள்ளிகள் மேலே என்று வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை எழாது.

இனி ஆள்கூற்று முறைக்கு, அதாவது ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் முறைக்கு, வருவோம். தொடங்குபவர்கள் இதில் செலவிடும் நேரம் ஒருபோதும் வீண்போகாது என்பது என் உறுதியான கருத்து. பாடசாலைகளின் பட்டியல் எனக்கு ஓர் அட்டவணைக் கோப்பாகவே கிடைத்தது. அதில் கிழக்கு, வடக்கு என்று இரு நிரல்களில் மீற்றரில் எண்கள் இருந்தன. கியூஜிஐஎஸ்ஸில் ஆள்கூற்று முறையைத் தேடும் பெட்டியில் இலங்கையின் பெயரைத் தட்டினால் இரண்டு வலையமைப்புகள், அதாவது கிரிட்கள், தத்தம் ஈபிஎஸ்ஜி குறியீட்டு எண்ணோடு வருகின்றன: கண்டவல டேட்டம் என்ற நில அளவை ஆதாரத்தை அடிப்படையாகக் கொண்ட பழைய இலங்கை வலையமைப்பு ஈபிஎஸ்ஜி 5234, 1999 ஆம் ஆண்டின் புதிய வலையமைப்பு ஈபிஎஸ்ஜி 5235. மேலே தெரிந்ததை அழுத்தினேன். கொழும்பின் பாடசாலைகள் எல்லாம் முல்லைத்தீவுக்குக் கிழக்கே, ஏறத்தாழ இருநூறு கிலோமீற்றர் தள்ளி, வங்கக் கடலில் வரிசையாக மிதந்தன.

காரணம் எளிது. இரண்டு வலையமைப்புகளும் நாட்டின் நடுவே ஏறக்குறைய ஒரே புள்ளியை மையமாகக் கொண்டவை. ஆனால் அந்த மையத்துக்குப் பழையது 200,000 மீற்றர் கிழக்கு, 200,000 மீற்றர் வடக்கு என்று எண் கொடுக்கிறது. புதியது இரண்டுக்கும் 500,000 கொடுக்கிறது. ஆகவே ஒன்றின் எண்களை மற்றதன் பெயரில் வாசித்தால் படம் இரு திசைகளிலும் 300 கிலோமீற்றர் பெயர்ந்துவிடும். இதை அறிந்த பின் நான் எண்களைப் பார்த்தே முறையை ஊகிக்கப் பழகிக்கொண்டேன். கோட்டைப் பகுதியின் கிழக்கு எண் 400,000க்குச் சற்றுக் குறைவாகவும் வடக்கு எண் 490,000ஐ ஒட்டியும் இருந்தால் அது புதிய வலையமைப்பு, ஏறத்தாழ 100,000, 190,000 என்று இருந்தால் பழையது, 79.8, 6.9 என்று தசமங்களாக இருந்தால் அது பாகையில் அமைந்த உலகப் பொது முறையான டபிள்யூஜிஎஸ் 84, அதாவது ஈபிஎஸ்ஜி 4326. கோப்பை ஏற்றுமுன் அட்டவணையைத் திறந்து முதல் ஐந்து வரிகளைப் பார்த்தால் இவ்வளவும் தெரிந்துவிடும்.

பாகையில் உள்ள தரவில் இன்னொரு பொறி உண்டு. எக்ஸ் என்பது நெடுங்கோடு, வை என்பது அகலக்கோடு; நாம் பேச்சில் அகலக்கோட்டை முதலில் சொல்லிப் பழகியதால் பலர் இதை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். அப்போது கொழும்பு வடக்கு அகலக்கோடு 79 பாகைக்கும் அப்பால் சென்று, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். என் பக்கத்து மேசை நண்பனின் வெள்ளவத்தை அங்கேதான் இருந்தது.

கடலில் விழுந்த அடுக்கை மீட்கும்போதுதான் இரண்டாவது, இன்னும் ஆழமான தவறு நேர்ந்தது. எல்லா அடுக்குகளையும் 5235க்கு மாற்றினால் நல்லது என்று கேள்விப்பட்டு, ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணையப் படத்திலிருந்து எடுத்த கால்வாய் அடுக்கின் மேல் வலச்சொடுக்கி, செட் லேயர் சிஆர்எஸ் (சிஆர்எஸ் என்பது ஆள்கூற்று முறை) என்பதில் 5235 என்று கொடுத்தேன். அந்தக் கட்டளை தரவை மாற்றுவதில்லை. தரவின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டை மட்டுமே மாற்றுகிறது. பாகையாக இருந்த 79.86, 6.93 என்ற எண்கள் அப்போதிருந்து மீற்றர்களாக வாசிக்கப்பட்டன. நகரத்தின் அத்தனை கால்வாய்களும் இந்து சமுத்திரத்தின் நடுவே ஒரு சாண் அளவுக்குள் சுருங்கிக் கிடந்தன. தரவையே மாற்ற வேண்டுமாயின் ரீப்ரொஜெக்ட் லேயர் என்ற கருவியைப் பயன்படுத்த வேண்டும், அல்லது புதிய முறையில் வேறு கோப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டும். பெயர்ச்சீட்டு ஏற்கனவே பிழையாக இருந்தால் மட்டுமே முதற் கட்டளையைத் தொடலாம்: என் பாடசாலை அடுக்குக்கு அதுவே மருந்து, கால்வாய் அடுக்குக்கு அதுவே நஞ்சு. வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட முதற் கேள்வியும் இந்த வேறுபாடுதான்.

மீற்றருக்கு மாற்றிய பிறகே தாங்கல் வலயம், அதாவது கால்வாயைச் சுற்றிக் குறித்த தூரம்வரை உள்ள பரப்பைக் காட்டும் பஃபர், வரைய வேண்டும். பாகையில் இருக்கும் அடுக்குக்கு 200 என்று கொடுத்தால் மென்பொருள் அதை 200 பாகை என்றே எடுத்துக்கொண்டு உலகத்தையே மூடிவிடும். எண்ணுக்கு அருகே அலகு எழுதப்பட்டிருக்கிறது. எச்சரிக்கைக் குறியும் வருகிறது. அவசரத்தில் இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை. வலயங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் அவற்றை ஒன்றாக்கும் டிசால்வ் தெரிவையும் இட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வலயம் வலயமாகப் புள்ளிகளை எண்ணும்போது ஒரே பாடசாலை இரண்டு முறை கணக்கில் வரும்.

சனத்தொகை அட்டவணையை எல்லைகளோடு இணைப்பது தனிக் கதை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2012 அட்டவணையில் உள்ள பெயரும் எல்லைக் கோப்பில் உள்ள பெயரும் எழுத்துக்கூட்டலில் ஒத்துப்போவது அரிது. ஆகவே பெயரை வைத்து இணைக்காமல் குறியீட்டு எண்ணை வைத்தே இணையுங்கள். அதிலும் எக்செல் ஒரு வேலை செய்யும்: 005 என்றிருந்த எண்ணை 5 ஆக்கிவிடும், இணைப்பு வெறுமையாக வரும். ஒரு பக்கம் எழுத்தாகவும் மறுபக்கம் எண்ணாகவும் பதியப்பட்ட நிரல்களும் இப்படித்தான் ஏமாற்றும்.

தமிழில் பெயரிட விரும்புவோருக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டப்பட்ட பட்டியல்கள் படத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். அடுக்குகளைச் சேமிக்கும் பழைய கோப்பு வடிவமான ஷேப்ஃபைலில் நிரலின் பெயருக்குப் பத்து பைட்டுகளே இடம். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் எடுப்பதால் மூன்று குறிகளுக்குப் பின் பெயர் அறுந்துவிடும். ஷேப்ஃபைல் ஒரே கோப்பும் அன்று. நண்பருக்கு அனுப்பும்போது கூட வரும் சிறு கோப்புகளில் ஒன்றை விட்டால் சரியாகத் திறக்காமல் போகலாம். நான் எல்லாவற்றையும் பல அடுக்குகளை ஒரே கோப்பில் வைக்கும் ஜியோபேக்கேஜ் வடிவத்தில் சேமிக்கத் தொடங்கிய பின் இந்த இரு தொல்லைகளும் தீர்ந்தன.

அடர்த்தி என்று கேட்ட இடத்தில் மொத்தத் தொகைக்கு நிறம் பூசுவது முதலாண்டில் எல்லோரும் செய்யும் பிழை. கொழும்பு மாவட்டத்தின் 13 பிரதேச செயலாளர் பிரிவுகளில் ஹோமாகமவும் திம்பிரிகஸ்யாயவும் 2012 இல் ஏறத்தாழ ஒரே தொகையைக் கொண்டிருந்தன. இரண்டும் 238,000 அளவில். மொத்தத்தை வைத்து நிறமிட்டால் இரண்டும் ஒரே நிறம் பெறும். ஆனால் ஹோமாகம பன்மடங்கு பரந்தது, அங்கே வயலும் தோட்டமும் உண்டு. திம்பிரிகஸ்யாயவோ மாடிவீடுகள் நெருங்கிய நகரம். பரப்பால் வகுத்த பிறகே படம் உண்மை பேசும். வகுப்புகளைப் பிரிக்கும் முறை எதுவாயினும், அதை ஏன் தெரிவுசெய்தீர்கள் என்று ஒரு வரியில் சொல்லத் தயாராக இருங்கள்.

ஒரு நாள் காலை, புரொஜெக்ட் கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனேன். திறந்தால் அடுக்குகள் எதையும் காணவில்லை என்ற பட்டியல் மட்டுமே வந்தது. அந்தக் கோப்பு தரவை வைத்திருப்பதில்லை. தரவு எங்கே இருக்கிறது என்ற முகவரியையும் நிறங்களையும் மட்டுமே வைத்திருக்கிறது. தரவும் புரொஜெக்ட் கோப்பும் ஒரே கோப்புறையில் இருக்க, அந்தக் கோப்புறையையே முழுதாக எடுத்துச் செல்லுங்கள்.

தேர்வு நேரத்தில் அச்சுத் தாளமைப்புக்கு, அதாவது பிரின்ட் லேயவுட்டுக்கு, குறைந்தது அரை மணித்தியாலத்தை ஒதுக்குங்கள். குறிவிளக்கம், அளவுத்திட்டக் கோடு, வடதிசை, தரவின் மூலமும் ஆண்டும், ஆள்கூற்று முறை ஆகியவை இல்லாத படம் எவ்வளவு அழகாயினும் புள்ளி இழக்கும். குறிவிளக்கத்தில் கோப்பின் பெயர் அப்படியே நிற்பதையும் திருத்துங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சிடப்படுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். என் சிவப்பும் பச்சையும் அச்சுக் கடையில் ஒரே சாம்பலாக வெளிவந்ததால், இரவோடிரவாகக் கோடிட்ட நிரப்பலுக்கு மாற்ற நேர்ந்தது.

கடைசியில் ஒரு பாடசாலைப் புள்ளி வலயத்துக்கு வெளியே சில மீற்றர் தள்ளி நின்றது. வெள்ளவத்தைக் கால்வாயின் ஓரமாக நடந்துபோய்ப் பார்த்தேன். புள்ளி கட்டடத்தின் நடுவில் குறிக்கப்பட்டிருந்தது. விளையாட்டு மைதானமோ கால்வாய்ப் பக்கமாக நீண்டு, அதன் மதில் ஐம்பது மீற்றருக்குள்ளேயே நின்றது. பாடசாலையைப் புள்ளியாக எடுத்ததால் வந்த வேறுபாடு அது. எண்ணிக்கையை மாற்றாமல், அந்த வேறுபாட்டைப் படத்தின் கீழே ஒரு குறிப்பாக எழுதி ஒப்படைத்தேன். விரிவுரையாளர் சிவப்புப் பேனாவால் சுழித்திருந்தது அந்தக் குறிப்பை மட்டுமே. பக்கத்தில் ஒரு சரிக் குறி இருந்தது.