டன்னுக்கு 2.5 கிராம் என்ற பொய்க் கணக்கு

ஆய்வகத்தின் அறிக்கையில் ஒரு பைச் சரளைக்கு டன்னுக்கு 2.5 கிராம் தங்கம் என்றிருந்தது. அதே குழியில், அதே அடுக்கில் எடுத்த அடுத்த பைக்குச் சுழியம். வயிறு எரிந்தது.

இடம் கேரளத்து நிலம்பூர், சாலியாற்றங்கரைச் சரளை மேடு. தேவாலா, பந்தலூர்ப் பக்கத்து மலைப் பாறைகளுக்குள் ஓடும் குவார்ட்ஸ் (வெண்கல்) நரம்புகளிலிருந்து அரித்து வந்த பொன் இங்கே தங்கியிருக்கிறது. எவ்வளவு என்று மதிப்பிடுவதுதான் எங்கள் குழுவின் வேலை.

அனுமதி வாங்கியது தனிக் கொடுமை. எழுத்தர் முத்திரை கேட்டார், நகல் கேட்டார், எல்லாம் கொடுத்த பிறகு, "சர்வே எண் எங்கே?" என்றார். அதை முதல் நாளே கேட்டிருந்தால் பருவமழைக்கு முன் குழிகளை முடித்திருப்போம். தண்ணீர் இறைத்து இறைத்தே தோண்டினோம்.

ஆய்வகத்துக் கதைக்கு வருகிறேன். பை முழுவதையும் கழுவிப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். அவர்களோ அரைக் கிலோவை மட்டும் அரைத்துச் சோதித்துவிட்டு, மீதியைக் கொட்டிவிட்டார்கள். அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரே ஒரு பொன்மணியின் எடை ஏறத்தாழ 1.26 மில்லிகிராம். அது அந்த அரைக் கிலோவுக்குள் விழுந்தால் டன்னுக்கு 2.5 கிராம், விழாவிட்டால் சுழியம். இந்த எண்ணை நம்பி யாராவது பணம் போட்டால் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

நல்ல வேளையாக, குழிச் சரளையில் பெரும்பகுதி எங்களிடமே இருந்தது. பொன் அரித்துப் பழகிய உள்ளூர்ச் சேச்சி ஒருவர் மரத்தட்டில் அதை அலசிக் கொடுத்தார். கூழாங்கல் போய், வெண்மணல் போய், கடைசியில் கருமணல் ஓரத்தில் மஞ்சள் பொட்டுகள். ஊசியால் அழுத்தினேன், நசுங்கின, உடையவில்லை. பொன் போலவே மின்னி ஏமாற்றும் பைரைட் கனிமம் என்றால் நொறுங்கியிருக்கும். "பாறை தட்டும் வரை தோண்டணும் சாரே, மேலே ஒண்ணும் கிடையாது" என்றார் சேச்சி. எங்கள் குழியிலும் அடிப்பாறையை ஒட்டிய ஒரு சாண் சரளையில்தான் மணிகள் மிகுந்திருந்தன. மேலடுக்குகளில் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கன அளவைத் தோண்டிய குவியலில் அளக்காதீர்கள்; சரளை தளர்ந்து பருத்துவிடும். குழியின் நீள அகல ஆழத்தையே அளந்து, அதில் கிடைத்த பொன்னை நிறுத்து, கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், கழுவியெடுத்த கருமணல் முழுவதையும் அனுப்புங்கள். மீதி மண்ணைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.